ஒரு தடவை கேட்கிற ஊர்

அமெரிக்காவில் மகள் வீடு இருக்கிற கேட்டி என்ற ஊரிலிருந்து ஃபிரிஸ்கோ அனுமார் கோயிலுக்குக் காரில் போவது என் மகளுக்கு வேண்டுதல், மாப்பிள்ளைக்கு டிரைவிங், பேத்திக்கு வழியெல்லாம் தின்பண்டம். எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பாதி வழியில் ஃப்ரீவே ஓரமாக ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்துவார்கள். பங்க் என்று பழக்கத்தில் சொல்கிறேன். எங்கள் காரைக்கால் பஸ் ஸ்டாண்டைத் தூக்கி உள்ளே வைத்தாலும் ஒரு மூலையில்தான் கிடக்கும். துணி விற்கிறான், தூண்டில் விற்கிறான், உப்புக்கண்டம் மாதிரி காய்ந்த கறியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறான். அங்கே சர்க்கரைப் பாகில் பாதாம் வறுக்கிற வாசனை வண்டி நிறுத்துகிற இடம் வரைக்கும் வரும்.

போன தடவை போகும்போது பேத்தி அந்தப் பாதாம் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினாள். "தாத்தா, வேணுமா?" அவளுக்குச் சுத்தமாக வருகிற சில தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. நான் வழக்கம்போல, வேண்டாம்மா, நீ சாப்பிடு என்றேன். "ஓகே தாத்தா" என்று சொல்லிப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு வேண்டும்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே பார்க்க ஒன்றுமில்லாத டெக்சாஸைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மகள் முன்சீட்டிலிருந்து திரும்பினாள். "அப்பா, அவ ஒரு தடவைதான் கேப்பா. வேணும்னா வேணும்னு சொல்லிடுங்க."

இதே பேச்சை, இதேபோல ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து, நான் முன்பும் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். வண்டி ஓடியது பிரான்ஸ் தேசத்தில்.

பிரான்சில் தெற்கிலிருந்து வடக்காக நான் வண்டியில் போயிருக்கிறேன் என்று சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் லீவுக்கு அங்கே போய்வந்து, போட்டோ காட்டி, அந்த ஊர் ரொட்டியைப் பற்றி எனக்கு விளக்குவார்கள். நானும் தலையாட்டிக் கேட்பேன். அந்த ரொட்டியின் வாசனைக்குள்ளேயே படுத்துத் தூங்கினவன் நான் என்று சொன்னால், கிழவருக்கு மறதி வந்துவிட்டது என்பார்கள்.

எங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். சொல்தா வீடு என்றால் காரைக்காலில் அந்தக் காலத்தில் ஒரு மதிப்பு. ஆனால் அவர் துப்பாக்கி பிடித்தவர் இல்லை, கரண்டி பிடித்தவர். சைகோனில் பட்டாளத்து மெஸ்ஸில் சமையல். நான் கைக்குழந்தையாகக் காரைக்காலிலிருந்து சைகோனுக்குப் போனேன், தங்கை அங்கேயே பிறந்தாள். பிறகு அங்கே சண்டை முடிந்து பிரெஞ்சுக்காரனே மூட்டை கட்டினான். பட்டாளத்தோடு எங்களையும் கப்பலில் ஏற்றி மார்சேய் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். மற்ற பிள்ளைகள் பலகையும் குச்சியுமாக உட்கார்ந்திருந்த வயதில் நான் கப்பலில் இருந்தேன். கப்பலில் வாந்தி எடுக்காமல் படுப்பது எப்படி என்று யாராவது பரீட்சை வைத்திருந்தால் பாஸாகியிருப்பேன்.

மார்சேயில் எங்களுக்கு ஒரு சித்தப்பா இருந்தார். அப்பாவின் சின்னம்மா மகன். எங்களுக்கு முன்பே வந்து ஒரு ரொட்டிக் கடையில் தட்டு கழுவி, பிறகு அந்தக் கடை வண்டியை ஓட்டுகிற அளவுக்கு உயர்ந்தவர். அவருடைய ஒற்றை அறையில் நாங்கள் நாலு பேரும் போய் ஒண்டிக்கொண்டோம். அப்பாவைப் பட்டாளத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள். அங்கே ஒரு வேலை கிடைத்தால் பிரான்சில் இருப்பது, இல்லாவிட்டால் கப்பலேறிக் காரைக்காலுக்குப் போவது என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

அம்மாவுக்கு அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று ஆசை. அந்தத் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. காலையில் பிள்ளைகள் தோல்பையை முதுகில் மாட்டிக்கொண்டு போவதை அம்மா ஜன்னலில் நின்று கடைசிப் பிள்ளை உள்ளே போகிற வரைக்கும் பார்ப்பாள். "நம்மளது ரெண்டும் இப்படிப் போவணும்" என்பாள். எனக்கு அந்தப் பையைத் தவிர வேறொன்றும் பிடிக்கவில்லை.

அப்பாவிடம் ஒரு திட்டம் இருந்தது. சைகோனில் அவர் கையால் சாப்பிட்ட மூன்று பேர், பிரிகிறபோது கட்டிப்பிடித்து, பிரான்சுக்கு வந்தால் என் வீட்டுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒருவர் அவிஞ்ஞோன் பக்கத்தில் முலாம்பழம் போடுகிறவர், ஒருவர் லியோனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், மூன்றாமவர் திஜோனில் இருந்த பெரிய ஆபீசர். இந்த மூன்று வீட்டில் ஒரு வீடு நமக்கு வழி காட்டும் என்று அப்பா நம்பினார். ஆகஸ்டில் ரொட்டிக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு லீவுக்குப் போனார். போகும்போது வண்டியை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று சித்தப்பாவிடம் சாவியைக் கொடுத்தார். சித்தப்பா அந்த ஊரில் சில வருஷம் இருந்தவர், உடனே சாவியை வாங்கிக்கொண்டார். எங்கள் அப்பாவாக இருந்தால், ஐயோ உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றிருப்பார்.

அது தகர வண்டி. பக்கமெல்லாம் வரிவரியாக மடிந்திருக்கும். முன்னால் சித்தப்பாவும் அப்பாவும். பின்னால் ரொட்டித் தட்டு அடுக்குகிற இடத்தில் சாக்கு விரித்து அம்மா, நான், தங்கை. கடை பூட்டிக் கிடந்தாலும் வண்டிக்குள் ரொட்டி வாசனை போகவில்லை. பசித்த பிள்ளைகளை வைத்து ஓட்டுவதற்கு அதைவிட மோசமான வண்டி உலகத்தில் கிடையாது.

ஏன் பசி என்றால், அதற்கு எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டில் எதையாவது கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு மேலும் வற்புறுத்தினால் கை நீட்டலாம். முதல் தடவையே வாங்குகிற பிள்ளையைக் காணாததைக் கண்ட பிள்ளை என்பார்கள். காரைக்காலிலும் சரி, சைகோனில் இருந்த நம் வீடுகளிலும் சரி, இந்தச் சட்டத்தால் யாரும் பட்டினி கிடந்ததில்லை. கேட்கிறவர்களுக்கும் இந்தச் சட்டம் தெரியும். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து இலையில் போட்டுவிடுவார்கள். அப்பாவே மெஸ்ஸில் அப்படித்தான். யாரிடமும் வேண்டுமா என்று கேட்க மாட்டார். தட்டு காலியாக இருந்தால் கரண்டி போய்விடும்.

முலாம்பழக்காரர் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முலாம்பழத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் வெற்றிலை கனத்தில் சீவிய பன்றிக்கறி, ரொட்டி, ஒரு பானையில் வெண்ணெய். அவர் மனைவி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

அப்பா வலது உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு சிரிப்புச் சிரித்தார். இடது கையால் வயிற்றைத் தடவிக் காட்டினார். இப்போதுதான் சாப்பிட்டு வந்தோம் என்று அர்த்தம். நாங்கள் விடியற்காலை ஆளுக்கொரு துண்டு ரொட்டியும், அம்மா சைகோனில் போட்ட எலுமிச்சை ஊறுகாயும் தின்றதுதான். அந்த அம்மாள், அப்படியா என்பது போலத் தலையாட்டிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

நாங்கள் அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பா இரண்டாவது தடவைக்குக் காத்திருந்தார். சிரித்த முகம் மாறவே இல்லை. தங்கை கையை நீட்டினாள், அம்மா இழுத்துக்கொண்டாள், தங்கை சிணுங்கினாள். அப்பாவின் இடது கை இன்னும் வயிற்றிலேயே இருந்தது. அந்த அம்மாள் அந்தக் கையையும் அழுகிற குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், ஏதோ இலை போட்டுக் கொதிக்க வைத்த கஷாயத்தை ஆளுக்கொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். குடும்பத்துக்கே வயிற்றுக்கோளாறு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அதை வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, கையில் கொடுத்துவிட்டார்கள். அதனால் குடித்தோம். அப்பா நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் முலாம்பழக்காரர் அப்பாவின் தோளில் கைபோட்டுத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கு பார்த்தாலும் காய். அவர் கையை வீசித் தோட்டத்தைக் காட்டி ஏதோ கேட்டார். அப்பாவின் வலது கை நெஞ்சுக்கு நேரே உயர்ந்தது. தலை சாய்ந்தது. பழம் பறித்துக் கொடுக்கிறார், அதையும் வேண்டாம் என்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வண்டி கிளம்பியதும் அம்மா பின்னாலிருந்து கேட்டாள். "என்னங்க சொன்னாரு?"

"பாக்கலாம்" என்றார் அப்பா.

லியோனுக்கு மறுநாள் போனோம். ராத்திரி வண்டியிலேயே படுத்திருந்தோம். போகிற வழியெல்லாம் சாலைக்கு இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள், நடுவே வெயில் விட்டு விட்டு விழும். அதைப் பார்த்துக்கொண்டே போனால் தூக்கம் வரும், பசி கொஞ்சம் மறக்கும். அந்த ஊரில் நடுப்பகலில் சாப்பிட்டுவிட்டுச் சமையலறையைப் பூட்டிவிடுவார்கள் என்பது சித்தப்பாவுக்குத் தெரியும். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சோற்றுக்கு வந்தவர்கள் என்று நினைப்பார்கள் என்றார் அப்பா. முதல் வீட்டில் அப்படி ஆகிவிட்டதில் அவருக்கு வெட்கம். அதனால் ஒரு பாலத்தடியில் வண்டியை நிறுத்தி நேரத்தைப் போக்கினோம். போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துத் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் சைகோனில் லாரி ஓட்டினவர். அப்பாவைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்பை மறுபடி பற்றவைக்கிறேன், உட்காருங்கள் என்று சைகை காட்டி நாற்காலியை இறக்கினார். அப்பாவின் கை உயர்ந்தது. அவர் நாற்காலியைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டார். அவர் மனைவி மட்டும் போகிற போக்கில் எனக்கும் தங்கைக்கும் இரண்டிரண்டு சர்க்கரைக் கட்டியை உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் போனாள். நான் ஒன்றைச் சப்பிக்கொண்டே வாசனை பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

அப்பா அங்கே இருந்தார். கடைக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். செம்புச் சட்டிகள் பெரிசிலிருந்து சிறிசு வரைக்கும் வரிசையாகத் தொங்கின. அப்பா ஒவ்வொரு சட்டியின் காதையும் தொட்டுக்கொண்டே போனார். ஒரு அண்டாவில் ராத்திரிக்கான கறி கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா மூடியைத் திறந்தார், முகர்ந்தார், பக்கத்தில் கிடந்த கரண்டியை எடுத்து அடியோடு கிளறித் தீயைக் குறைத்தார். கடைக்காரர் சத்தம் போட்டுச் சிரித்துக் கைதட்டினார். பிறகு சிரிப்பை நிறுத்தி, மேசையில் சாய்ந்துகொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிதானமாக ஒன்று கேட்டார். சித்தப்பா வாசற்படியில் நின்றிருந்தார், அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

அப்பாவின் வலது கை நெஞ்சுக்கு நேரே உயர்ந்தது. கரண்டி இன்னும் அந்தக் கையிலேயே இருந்தது.

கடைக்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு, அப்பாவின் முதுகில் தட்டினார். எனக்கு அந்த அண்டாவிலிருந்து ஒரு துண்டுகூடக் கிடைக்காது என்று புரிந்துபோயிற்று.

ஊரைத் தாண்டியதும் சித்தப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார். அப்பாவிடம் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அண்ணே, இது காரைக்கால் இல்ல. இவங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. வேணாம்னா வேணாம்னு எடுத்துக்குவாங்க. திருப்பிக் கேட்டா அது மரியாதைக் கொறச்சல்னு நெனப்பாங்க."

அப்பா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "மனசாரக் கேக்குறவன் இன்னொரு தடவ கேப்பான்டா."

அம்மா தங்கையின் கையிலிருந்த மிச்சச் சர்க்கரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மனசுக்குள் சித்தப்பா கட்சியில் சேர்ந்துகொண்டேன். இந்தப் பெரியவர்களுக்கு ஒரு தட்டுக் கறிக்காக இவ்வளவு யோசனையா என்று இருந்தது.

மறுநாள் காலையில் வண்டி டயர் வெடித்தது. இதைத்தான் நான் அந்தப் பயணத்தில் நடந்த நல்ல காரியம் என்று நினைத்தேன். ஒரு பண்ணை வீட்டு வாசலில் வெடித்தது. உள்ளே கதிரடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய இயந்திரம், அதைச் சுற்றி அக்கம்பக்கத்து ஆட்களெல்லாம் தூசியோடு நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சித்தப்பாவோடு சேர்ந்து சக்கரத்தைக் கழற்றினார்கள். மதியம் ஆனதும் மணி அடித்தது. முற்றத்தில் நீளமாகப் பலகை போட்டிருந்தார்கள். எல்லோரும் போய் உட்கார்ந்தார்கள். எங்களையும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தட்டு வந்தது, சூப்பு வந்தது, ரொட்டி வந்தது. பிறகு ஒரு தடித்த அம்மாள் கறிச்சட்டியோடு வந்தாள். என்ன கறியோ என்று எங்கள் அம்மா தயங்கினாள். மாட்டுக்கறி அவள் தொடமாட்டாள். அந்த அம்மாள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு முழங்கையையும் இறக்கை மாதிரி அடித்துக் கொக்கரித்துக் காட்டினாள். கோழி. மேசையே சிரித்தது. அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து அம்மா சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கேட்காமல் போட்டதால் அப்பாவும் சாப்பிட்டார். வேண்டாம் என்று சொல்ல யாரும் இடம் கொடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பெண்களோடு அண்டா கழுவப் போய்விட்டார். உள்ளேயிருந்து அவர் பாடுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு திஜோன். கடைசி வீடு. இதுவும் இல்லையென்றால் கப்பல் என்று எனக்கும் தெரியும். சித்தப்பா வழியெல்லாம் அப்பாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். "அண்ணே, மொத தடவையே வேணும்னு சொல்லணும். எதக் கேட்டாலும். சரியா? எதக் கேட்டாலும்." அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சரிடா, சரிடா என்றார். அம்மா பின்னாலிருந்து, "தம்பி சொல்றதக் கேளுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அம்மா அப்படியெல்லாம் சொல்கிறவள் இல்லை. நானும் என் பங்குக்கு, "ஆமாம்பா" என்றேன். எனக்கு என் வயிற்றைப் பற்றிய கவலை.

ஆபீசர் வீடு பெரிய வீடு. கதவைத் திறந்ததும் அப்பா அறியாமலே கால் சேர்த்து விறைப்பாக நின்றார். ஆபீசர் சிரித்துக்கொண்டே அவர் தோளைப் பிடித்துத் தளர்த்தி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சாப்பிடுகிறீர்களா என்று ஆபீசரின் மனைவி கேட்டாள். நான் அப்பாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம் அசைந்தது. சித்தப்பா இருமினார். அப்பா கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "உய், மெர்சி" என்றார். அந்த ஊர் பாஷையில் ஆமாம், நன்றி என்று அர்த்தம். அந்த இரண்டு சொல் மட்டும் எனக்கும் தெரியும்.

என்னென்ன வந்தது என்று சொன்னால் இப்போதும் வாயூறுகிறது. வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கு, வெள்ளைக் குழம்பில் மீன், கடைசியில் ஒரு பெரிய வட்டத் தட்டு நிறைய மாவில் பிளம் பழத்தைப் பாதி பாதியாக நட்டுச் சுட்ட இனிப்பு. மேலே பாகு மினுமினுவென்று இருந்தது. ஆளுக்கொரு துண்டு வைத்தார்கள். நான் அதைப் போல ஒன்றை அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. இன்னும் பாதி தட்டில் இருந்தது. அதன்மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஆபீசர் கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்துச் சற்று நீளமாக ஒன்று கேட்டார். அவர் மனைவியும் தலையாட்டினாள். அம்மா முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பிட்டதும் மறுபடி பைக்குள் போயிருந்த அப்பாவின் கை வெளியே வந்து நெஞ்சுக்கு நேரே உயர்ந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சிரித்தார். ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு அந்தச் சிரிப்போடேயே ஆபீசரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். ஆபீசர் புரிகிறது என்பது போலத் தலையசைத்து, கோப்பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

நாங்கள் கப்பலேறினோம். காரைக்காலில் நான் கொஞ்ச நாள் நெல் மில்லில் மூட்டை தைத்தேன், பிறகு லாரியில் கிளீனர், பிறகு டிரைவர். அப்பா கல்யாணச் சமையலுக்குப் போனார். பந்தியில் யாரையும் வேண்டுமா என்று கேட்காத பழக்கம் அவருக்குக் கடைசி வரைக்கும் போகவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் மூன்று பேரும் கைவிரித்துவிட்டார்கள் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த முலாம்பழக்காரர்மேல்கூட எனக்கு ஒரு வருத்தம் இருந்தது.

அப்பா செத்த காரியத்துக்குச் சித்தப்பா பிரான்சிலிருந்து வந்தார். எனக்கு மீசை நரைக்க ஆரம்பித்திருந்த சமயம். பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து கைகழுவிக்கொண்டே சொன்னார். மூன்று பேருமே கேட்டார்களாம். முலாம்பழக்காரர் தோட்டத்தில் இருந்துகொள் என்றாராம். லியோன்காரர் இந்தச் சமையலறை உனக்குத்தான் என்றாராம். திஜோன் ஆபீசர், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரர் இடம் காலியாக இருக்கிறது, தங்க வீடும் உண்டு, உன் பிள்ளைகள் இரண்டும் அங்கேயே படிக்கலாம், வருகிறாயா என்று கேட்டாராம். அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். 'உங்களுக்கு எதற்குச் சிரமம், எங்களுக்கு ஊரில் எல்லாம் இருக்கிறது' என்றாராம்.

"நீங்க சொல்லியிருக்கலாமே சித்தப்பா?"

"அண்ணன் பேசறப்ப நடுவுல நான் எப்படிடா பேசுறது?" என்றார்.

அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அப்பாவின் அந்தக் கை அவளுக்குத் தெரியும்.

போன தடவை ஃபிரிஸ்கோவிலிருந்து திரும்பி வரும்போது அதே பங்கில் நிறுத்தினோம். பேத்தி பொட்டலத்தை நீட்டி, "தாத்தா, வேணுமா?" என்றாள். வேணும் என்று சொன்னேன். நாக்கு புரள்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் பொட்டலத்தை அப்படியே என் மடியில் வைத்துவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

திஜோனில் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மேசையில் பாதி இனிப்பு மிச்சம் இருந்தது. ஆபீசர் எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார். அப்பா கையை உயர்த்தி வேண்டாம் என்றார். அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சித்தப்பா அவ்வளவு சொல்லியும் கேட்காமல் எல்லோருக்குமாகச் சேர்த்து வேண்டாம் என்று சொல்ல இவர் யார் என்று எனக்குக் கோபமான கோபம். வண்டி மார்சேய் வந்து சேருகிற வரைக்கும் அப்பாவோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. அம்மாவுக்கும் அந்த இனிப்பில் இன்னொரு துண்டு வேண்டியிருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.